மூன்றாவது கை

வங்கியில் புதுக் கணக்கு தொடங்கும் படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு பட்டியல் உண்டு. சம்பளக்காரர், வியாபாரி, விவசாயி, ஓய்வு பெற்றவர், மாணவர், இல்லத்தரசி என்று வரிசையாக வரும். இருபது வருஷ சர்வீஸில் அந்தப் பட்டியலுக்குள் அடங்காத ஆட்களை அதிகம் பார்த்ததில்லை.

2022ல் மாற்றலாகி அகமதாபாத் வந்த புதிதில் ஒரு பெண்மணி அந்தக் கட்டத்தில் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்று எழுதி நீட்டினார். ஐம்பது வயசிருக்கும். காட்டன் புடவை, விரல் நகத்தில் காய்ந்துபோன நீல பெயிண்ட். "டிராயிங் டீச்சரா மேடம்?" என்று கேட்டேன். "இல்லை, ஆனால் பெயிண்ட் செலவு அவர்களைவிட அதிகம்" என்று சிரித்தார். 'ப்ரொஃபஷனல்' என்று போட்டுக் கணக்கைத் திறந்துவிட்டேன்.

அவருடைய கணக்கைப் பற்றி இங்கே ஒரு எழுத்து எழுதமாட்டேன். அது தொழில் தர்மம். அவருடைய தொழிலைப் பற்றி எழுதலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பி.காம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு: அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினை இருந்தது.

சின்னவனுக்கு அப்போது எட்டு வயசு. விருதுநகரில் இரண்டாம் வகுப்பு வரை படித்தவன். தெருவில் அவன் சத்தம்தான் பெரிசாகக் கேட்கும். இங்கே மணிநகரில் வீடு பார்த்து, ஜூன் மாதம் பள்ளியில் சேர்த்தோம். இங்கிலீஷ் மீடியம் என்றுதான் பேர். பிள்ளைகள் பேசுவது குஜராத்தியும் இந்தியும். அக்டோபர் வரை அந்த வகுப்பில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் தமிழ் கொட்டும். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றால் பூட்டு விழுந்துவிடும். வருகைப் பதிவுக்குக் கூட கையைத்தான் தூக்குவானாம்.

ஊரிலிருந்து யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. அம்மா போனில், "நாக்குல வசம்பைச் சுட்டுத் தேய்டா" என்றார் (சாயங்காலத்துக்கு மேல் என்றால் வசம்பு என்று சொல்லமாட்டார், 'பேர் சொல்லாதது' என்பார். பேசாத பிள்ளைக்குப் பேர் சொல்லாத மருந்து!). மாமனார், "மாப்ள, ஒரு இந்தி டியூஷனைப் போடுங்க, எல்லாம் சரியாயிரும்" என்றார். தங்கமணி எதுவும் சொல்லாமல் ராத்திரியில் அழுதாள். வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் எல்லாருக்கும் இதில் ஏதாவது ஒன்றாவது நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பாஸ்புக் என்ட்ரி போட வந்தபோது அந்த மேடத்திடம் கேட்டேன். அவர் உடனே "கூட்டி வாருங்கள்" என்று சொல்லவில்லை. முதலில் காது பரிசோதனை செய்யச் சொன்னார். செய்தோம், காது சரியாக இருந்தது. பிறகு சொன்னார்: புது மொழிக்குள் தள்ளப்பட்ட பிள்ளைகள் சில வாரமோ சில மாதமோ வாயை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருப்பது வழக்கமான விஷயம். 'செலக்டிவ் ம்யூடிசம்' என்று ஒன்று உண்டு, ஆனால் பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை அதில் கணக்கில் எடுக்கமாட்டார்கள், மொழி தெரியாததால் பேசாமலிருப்பதையும் அதில் சேர்க்கமாட்டார்கள். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர், நெட்டில் படித்த அப்பா இல்லை. "ஆனால் நாலு மாதம் ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான். சனிக்கிழமை வரட்டும்" என்றார்.

இனி அவர் சொல்லி நான் தேடிப் படித்த கதை. சுவாரஸ்யமானது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942ல் முதலில் பயன்படுத்தியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்திருந்தபோது படம் வரைவது தனக்கே மருந்தாக இருப்பதைக் கண்டுகொண்டவர். அமெரிக்காவில் இதற்கு இரண்டு பெண்கள் அடித்தளம் போட்டார்கள். ஒருவர் மார்கரெட் நாம்பர்க், இன்னொருவர் எடித் க்ராமர். நாம்பர்க்குக்குப் படம் என்பது ஒரு பேச்சு. வாயால் சொல்லமுடியாததை உள்மனசு படமாகச் சொல்கிறது, அதை வைத்துப் பேசிப் பேசி உள்ளே போகலாம் என்பது அவர் வழி. க்ராமர் வழி வேறு. படத்தைச் செய்து முடிப்பதே சிகிச்சை என்றார். கோபத்தையும் பயத்தையும் ஒரு பிள்ளை பெயிண்டாக, களிமண்ணாக மாற்றி ஒரு உருவத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினால், அந்த உழைப்பிலேயே அவனுக்குள் ஏதோ நிலைபெறுகிறது. நம்ம மேடம் க்ராமர் கட்சி.

க்ராமர் 1916ல் வியன்னாவில் பிறந்தவர். சின்ன வயசில் அவருக்குப் படம் சொல்லிக்கொடுத்தவர் ஃப்ரீடல் டிக்கர், ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். ஃப்ரீடல் 1934ல் வியன்னாவில் அரசியல் காரணமாகச் சிறைப்பட்டு, வெளியே வந்ததும் ப்ராக் நகரத்துக்குப் போனார். பதினெட்டு வயசு எடித்தும் குருவின் பின்னாலேயே போனார். அங்கே ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஃப்ரீடல் படம் சொல்லிக்கொடுக்க, எடித் கூடமாட உதவினார். பயந்த பிள்ளைகள் எப்படி வரைவார்கள் என்பதை எடித் முதலில் பார்த்தது அங்கேதான். 1938ல் எடித் நியூயார்க்குக்குத் தப்பினார். ஃப்ரீடலுக்கும் வெளியேற வழி இருந்தது, அவர் போகவில்லை.

1942 டிசம்பரில் ஃப்ரீடலையும் அவர் கணவரையும் டெரசின் முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரு ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் அனுமதி. ஃப்ரீடல் அந்த எடைக்குள் காகிதமும் வண்ணமும் எடுத்துப்போனார். முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தடை. படம் வரைவதைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். காகிதம் தீர்ந்தபோது பழைய ஆபீஸ் படிவங்களின் பின்பக்கத்தில் வரைந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் படத்தில் தன் பெயரை எழுதவேண்டும் என்பதில் ஃப்ரீடல் கண்டிப்பாக இருந்தார். முகாம் நிர்வாகத்துக்கு அந்தப் பிள்ளைகள் வெறும் எண். மாதிரிக் கையெழுத்து வாங்கி வாங்கிக் கை தேய்ந்த எனக்கு, இந்த இடத்தைப் படித்ததும் அடுத்த வரிக்குப் போகக் கொஞ்ச நேரம் ஆனது.

1944ல் கணவரை அங்கிருந்து கொண்டுபோனதும், அடுத்த ரயிலில் போக ஃப்ரீடல் தானே பெயர் கொடுத்தார். அக்டோபர் 9 அன்று ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். கணவர் பிழைத்துக்கொண்டார் என்பதுதான் கொடுமை. புறப்படுவதற்கு முன் பிள்ளைகளின் படங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி மறைத்து வைத்திருந்தார். சுமார் 4,500 படங்கள். இப்போது ப்ராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் உயிரோடு திரும்பவில்லை. பெயர்கள் இருக்கின்றன.

நியூயார்க் போன எடித், முதலில் ஒரு பள்ளியில் சிற்பம் சொல்லிக்கொடுத்தார். யுத்த காலத்தில் ஒரு பட்டறையில் மெஷினிஸ்டாக வேலை பார்த்தார். ஷிஃப்ட் முடிந்த பிறகு அங்கேயே தங்கி, கூட வேலை செய்யும் தொழிலாளிகளை வரைவாராம். 1950ல்தான் அவருக்கு வாழ்க்கையின் பெரிய வேலை கிடைத்தது. ஹட்சன் நதிக்கரையில் வில்ட்விக் என்று ஒரு பள்ளி. நியூயார்க்கின் ஏழைப் பகுதிகளிலிருந்து கோர்ட்டும் நல அமைப்புகளும் அனுப்பிவைத்த பையன்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். ஜனாதிபதியின் மனைவியாக இருந்த எலினார் ரூஸ்வெல்ட் இந்தப் பள்ளிக்குப் பெரிய ஆதரவு. பின்னாளில் குத்துச்சண்டையில் உலக சாம்பியனான ஃப்ளாய்ட் பேட்டர்சன், க்ராமர் வருவதற்கு முன்பு இங்கே இருந்த பையன்தான்.

அந்தப் பள்ளியில் அவருக்குக் கிடைத்த பதவிப் பெயர்தான் 'ஆர்ட் தெரபிஸ்ட்'. ஏழு வருஷம் இருந்தார். அந்த அனுபவத்தை 1958ல் புத்தகமாக எழுதினார். பிறகு மனநல மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு, பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் களிமண் வேலை என்று போய்க்கொண்டே இருந்தார். 1971ல் இன்னொரு புத்தகம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று முதுகலைப் படிப்பு உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2014ல் தன் 97வது வயதில், பிறந்த நாடான ஆஸ்திரியாவில் காலமானார்.

வில்ட்விக் பற்றி இன்னொரு விஷயம். அதே பள்ளியில்தான் பின்னாளில் சால்வடார் மினுச்சின் என்ற மனநல மருத்துவர், பையனை மட்டும் சரிசெய்து திருப்பி அனுப்பினால் போதாது, அவன் போய்ச்சேரும் வீட்டையும் கூட உட்காரவைத்துப் பேசவேண்டும் என்று குடும்ப சிகிச்சையை வளர்த்தெடுத்தார். 1967ல் அவர் குழு எழுதிய புத்தகம் அந்தத் துறையில் முக்கியமானது. மேடமும் அதையே செய்தார். பையனைச் சேர்த்துக்கொண்ட அன்றைக்கே எனக்கும் தங்கமணிக்கும் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டார். அதில் அவர் அதிகம் கேட்டது பையனைப் பற்றி இல்லை. "மாற்றல் ஆர்டர் வந்த அன்று வீட்டில் யார் யாரிடம் எப்படிச் சொன்னீர்கள்? முதலில் எந்தச் சாமானைக் கட்டினீர்கள்? கடைசியில் எதை?" இப்படிக் கேள்விகள். தங்கமணி தன் ஸ்கூல் டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்ததைப் பற்றி முதல்முறையாக முழுசாகப் பேசியது அந்த அறையில்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம்.

பிள்ளைகள் வண்ணத்தைப் பயன்படுத்துவதை க்ராமர் ஐந்து விதமாகப் பிரிக்கிறார். சும்மா பூசிப் பார்ப்பது, கிறுக்குவது ஒன்று. கோபத்தில் கொட்டுவது, கிழிப்பது, அடிப்பது இரண்டு. ஒரே அச்சில் பழகிய படத்தையே திரும்பத் திரும்பப் போட்டு, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது மூன்று. செய்தி சொல்வதற்கு மட்டும் வரைவது, அதாவது பேச்சுக்குப் பதிலாகப் படம், நாலு. தன்னுடையதை ஒரு முழு உருவமாக்கி, பார்ப்பவருக்கும் புரியும்படி நிறுத்துவது ஐந்து. இந்த ஐந்தும் படிக்கட்டு இல்லை, ஒரே நாளில் பிள்ளை மேலேயும் கீழேயும் போய்வருவான்.

மூன்றாவதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மலை, நடுவில் பாதி சூரியன், கீழே ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னைமரம், 'வி' மாதிரி நாலு பறவை. நாம் எல்லாரும் வரைந்த படம்தானே :-) விருதுநகரில் பிறந்தவன் ஆற்றங்கரைக் குடிசையை எங்கே பார்த்தான்? சின்னவன் ஆறு சனிக்கிழமை வரிசையாக அதைத்தான் வரைந்தான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். மேடம் ஒரு தடவை கூட "வேறு வரை" என்று சொல்லவில்லை, "வெரி குட்" என்றும் சொல்லவில்லை. தென்னைமரத்தின் பச்சை தீர்ந்தால் பாட்டிலை நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான். கூட இன்னும் மூன்று பிள்ளைகள், எல்லாரும் குஜராத்தி. அவர்கள் பாட்டுக்குப் பேசுவார்கள், இவன் பாட்டுக்கு மலை.

ஏழாவது வாரம் மலை வரவில்லை. சார்ட் பேப்பர் முழுக்கக் கருநீலத்தை அப்பினான். அது காயும் முன்பே நடுவில் மஞ்சளை வைத்தான். நீலத்தில் மஞ்சள் சேர்ந்தால் என்ன ஆகும்? பச்சை. மறுபடி மஞ்சள், மறுபடி பச்சை. நாலாவது தடவை பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தான். காகிதத்தை இரண்டாகக் கிழித்தான். எனக்கு உள்ளே போகக் கால் துடித்தது. மேடம் கண்ணாலேயே உட்காரச் சொன்னார்.

அடுத்த வாரமும் அதே நீலம். இந்த முறை மேடம் அந்தத் தாளை மெதுவாக எடுத்து ஃபேனுக்குக் கீழே வைத்தார். காய்வதற்குள் ஒரு கிண்ணத்தில் வெள்ளையைக் கெட்டியாக, தண்ணீர் அதிகம் விடாமல் குழைத்து, அவன் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவன் கொஞ்ச நேரம் கிண்ணத்தைப் பார்த்தான். காய்ந்த நீலத்தின் மேல் வெள்ளையை வட்டமாக வைத்தான். அது காய்ந்ததும் அதன்மேல் மஞ்சள். பல்ப் எரிந்தது.

இதற்குத்தான் க்ராமர் 'மூன்றாவது கை' என்று பெயர் வைத்திருக்கிறார். சிகிச்சையாளர் தன் ரசனையைப் பிள்ளையின் படத்துக்குள் நுழைக்கக்கூடாது. அதற்காகக் கைகட்டி நின்று, திறமை போதாமல் பிள்ளை தோற்றுப்போவதை வேடிக்கை பார்க்கவும் கூடாது. எந்தப் பெயிண்ட் எதன்மேல் நிற்கும், களிமண் பொம்மையின் கை எப்படிப் போட்டால் உடையாது, இது எல்லாம் தெரிந்த ஓவியராகவும் அவர் இருக்கவேண்டும். பிள்ளை என்ன செய்ய நினைக்கிறதோ அதற்கு மட்டும் ஒரு கை கொடுத்துவிட்டு விலகவேண்டும். மனநலம் படித்தால் மட்டும் போதாது, தானும் வரைகிறவராக இருக்கவேண்டும் என்று க்ராமர் வலியுறுத்தியது இதனால்தான். அவர் கடைசிவரை ஓவியராகவும் இருந்தார். நியூயார்க்கின் ஸ்ப்ரிங் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையத்தில் அவர் செய்த மொசைக் இருக்கிறது.

பல்புக்குக் கீழே பெரிய கறுப்பு வட்டம் வந்தது. அதன் பக்கத்தில் கையை மேலே தூக்கிய ஒரு ஆள். கையிலிருந்து பறக்கும் வெள்ளையாக ஏதோ ஒன்று. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் தெருமுனைப் புரோட்டாக் கடை, ராத்திரி எட்டு மணி, மாஸ்டர் மாவு வீசுகிறார். பக்கத்திலிருந்த பையன் எட்டிப் பார்த்து, "யே க்யா ஹை?" என்றான்.

"புரோட்டா" என்றான் என் மகன்.

அவ்வளவுதான் பேசினான். அந்தப் பையன் "பராட்டா?" என்றான், இவன் மண்டையை ஆட்டி "புரோட்டா" என்று திருத்தினான். மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். அன்று படத்தின் ஓரத்தில் பெயர் எழுதச் சொன்னபோது அவன் தமிழில் எழுதினான், ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கமணி சொல்லிக்கொடுத்த தமிழ்.

சினிமா மாதிரி மறுநாளே வகுப்பில் பேச்சுப் போட்டியில் ஜெயித்துவிடவில்லை. வகுப்பில் வாயைத் திறக்க மேலும் மூன்று மாதம் ஆனது. வகுப்பு டீச்சரும் நல்ல மனுஷி, வாசிக்கச் சொல்லி வற்புறுத்தாமல் விட்டுவைத்தார். அதுவும் ஒரு காரணம். பெயிண்டால் மட்டும்தான் நடந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், மேடமும் செய்யமாட்டார். அந்தக் கருநீலத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருமுறை கேட்டேன். "ராத்திரி நீலமாகத்தானே இருக்கும்?" என்றார். படத்தைப் பார்த்து ஜாதகம் சொல்வது அவர் வேலையில்லை. கறுப்பு பூசினால் சோகம், சிவப்பு பூசினால் கோபம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள் என்றார்.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நண்பர்களுக்கு நான் அங்கே கற்றுக்கொண்டதில் சில. இது வைத்தியம் இல்லை, வீட்டில் செய்யக்கூடியது. ஒரு மூலையில் பழைய செய்தித்தாள் விரித்து, நாலு பாட்டில் போஸ்டர் கலர், இரண்டு தடி பிரஷ், மலிவான காகிதம் வையுங்கள். "இது என்ன?" என்று கேட்காதீர்கள். "இதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கா?" என்று தமிழில் கேளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நீங்கள் பிரஷ்ஷை வாங்கித் திருத்தாதீர்கள். பெயரும் தேதியும் எழுதச் சொல்லி எடுத்து வையுங்கள். புது ஊரில் பிள்ளையின் மௌனம் மாதக்கணக்கில் நீண்டால், அல்லது தூக்கம், சாப்பாடு, விளையாட்டு என்று மற்றதும் குறைந்தால், காது டாக்டரில் ஆரம்பித்து முறையாகப் பாருங்கள். ஆர்ட் தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டியவரிடம் எங்கே படித்தார், எவ்வளவு காலம் யாரிடம் பயிற்சி எடுத்தார் என்று தயங்காமல் கேளுங்கள். பிரிட்டனில் சட்டப்படி பதிவு செய்தவர் மட்டும்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளமுடியும். இங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலை நம்முடையது.

எங்களுக்கு அடுத்த மாற்றல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஃப்ரீடல் போன பயணத்தோடு வங்கி அதிகாரியின் டிரான்ஸ்ஃபரை ஒப்பிடுவது பாவம், அதைச் செய்யமாட்டேன். ஆனால் 50 கிலோவுக்குள் அவர் எதை எடுத்துவைத்தார் என்று தங்கமணிக்குச் சொல்லியிருக்கிறேன். பெயிண்ட் பெட்டி லாரியில் ஏறாது. எங்கள் கூடவே ரயிலில் வரும். போய் இறங்கும் ஊரில், பால் காய்ச்சி முடித்ததும் திறக்கப்போகும் முதல் பெட்டி அதுதான் என்று சின்னவன் இப்போதே சொல்லி வைத்துவிட்டான்.